லாமினேஷன் போட்ட ஸ்கேன் படம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். கத்தியை எப்படிப் பிடிப்பது, எங்கே கீறுவது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு குழந்தையைப் பற்றி. அந்தக் குழந்தை விஷயத்தில் முதல் நாளிலிருந்தே எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் பாதிதான் புரிகிறது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. வார்டில் எனக்குச் சரவெடி என்று பெயர். என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் நான் படியேறி வரும்போது "சரவெடி வருது" என்று கிசுகிசுப்பது என் காதிலும் விழும். உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கத்தினால்தான் வேலை நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது, குடியாத்தத்திலிருந்து நான்கு நாள் பெண் குழந்தை ஒன்றை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். தாய் ரேவதி, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. தலைப்பிரசவத்துக்குக் குடியாத்தத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை நல்ல எடை. பிரசவம் கஷ்டப்பட்டுத்தான் ஆயிருக்கிறது, கடைசியில் கருவி வைத்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே மஞ்சள் காமாலை அதிகமாக, வயிற்றைத் தொட்டுப் பார்த்த அங்கிருந்த டாக்டருக்கு வலது பக்கம் ஏதோ கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. உடனே எங்களிடம் அனுப்பிவிட்டார்.

ஸ்கேன் செய்து பார்த்தோம். வலது சிறுநீரகத்தின் தலைக்கு மேல், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பை. உள்ளே பெரும்பாலும் திரவம், ஆங்காங்கே சவ்வு, கொஞ்சம் கலங்கலாகவும் ஏதோ.

இனி குழப்பத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த குழந்தைக்கு அது பெரிதாக இருக்கும், ரத்தமும் நிறைய ஓடும். பிரசவம் கடினமாக இருந்தால் அதற்குள் ரத்தம் கசியலாம். முதலில் கட்டி மாதிரி தெரியும், பிறகு கரைந்து நீராகும், பிறகு வற்றி ஒன்றுமில்லாமல் போகும். அதைத் தொடவே கூடாது. ஆனால் அதே இடத்தில், நரம்புத் திசுவிலிருந்து வரும் புற்றுநோயும் வரும். அதுவும் சில சமயம் நீர்ப்பை வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும். இது போதாதென்று, சிறுநீரகத்தின் மேல்பாதி மட்டும் அடைபட்டு வீங்கினாலும் அப்படித்தான் தெரியும். வழிதவறி வந்து உட்கார்ந்த நுரையீரல் துணுக்கு என்றாலும் அப்படித்தான். படத்தில் எல்லாம் ஒரே கறுப்புப் பை.

எங்கள் ஸ்கேன் டாக்டர் என் வயதுக்காரர், நிதானமான மனுஷன். ரிப்போர்ட்டில் மூன்று நோய்களின் பெயரை எழுதி மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்.

"இன்னாங்க இது, ஓட்டல் மெனு மாதிரி எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்றேன்.

"இருக்கறதைத்தானே எழுத முடியும்? எது வேணுமோ நீங்களே ஆர்டர் பண்ணிக்கோங்க" என்றார் அவர்.

சிறுநீரை எடுத்துப் புற்றுக்கான பரிசோதனைக்கு அனுப்பினோம். அதில் ஒன்றும் ஏறவில்லை. நிம்மதிப்பட முடியுமா? நீர்ப்பையாக வரும் புற்றில் அந்தப் பரிசோதனை பல சமயம் சாதாரணமாகவே இருந்துவிடும். துறைக் கூட்டத்தில் பாதிப் பேர் எடுத்துவிடலாம் என்றார்கள், பாதிப் பேர் காத்திருக்கலாம் என்றார்கள். இப்போது உங்கள் கையில் இதற்கெல்லாம் வழிமுறைகள் இருக்கின்றன, சிறிய கட்டி என்றால் காத்திருக்கச் சொல்கின்றன. அன்றைக்கும் இருந்தன. இந்தக் கட்டி பார்த்து வைத்த மாதிரி அந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்தால் என்ன? எட்டாம் மாதமே அந்தப் பை இருந்திருந்தால், பிரசவத்தில் கசிந்த ரத்தம் என்று சொல்ல முடியாது. அப்போது இல்லாமல் பிறந்த பிறகு வந்திருந்தால், ரத்தம் என்பதற்குக் கொஞ்சம் பலம் கூடும். குழந்தையின் அப்பாவைக் கூப்பிட்டுப் பழைய படங்களைக் கேட்டேன்.

அவர் பெயர் பாஸ்கர். ஆம்பூரில் தோல் கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை. வெளிநாட்டுக்காரன் ஓகே செய்த தோல் துண்டையும் கலர் கார்டையும் பத்திரப்படுத்தி வைப்பது அவர் பொறுப்பு. கையில் சுத்தமான ஃபைல், ஒவ்வொரு சீட்டும் தேதிவாரியாக. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இப்படி ஒரு தகப்பன் அபூர்வம் என்று நினைத்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினேன். ஸ்கேன் படங்கள் மூன்றையும் வழவழவென்று லாமினேஷன் போட்டு வைத்திருந்தார். மூன்றும் முழுக் கறுப்பு.

"இது இன்னாய்யா?" என்றேன்.

"எங்க சாம்பிள் ரூம்ல ஓகே ஆனதையெல்லாம் லாமினேஷன் போட்டுடுவோம் டாக்டர். கை ஈரம் படாம, சாயம் படாம இருக்கும். அதே மாதிரி இதையும் மெஷின்ல விட்டேன். விட்டதும் கறுத்துப் போய்டுச்சு."

கறுக்காமல் என்ன செய்யும்? ஸ்கேன் படம் அச்சாகும் தாள் ஏ.டி.எம். சீட்டு மாதிரி, சூடு பட்டால் கறுக்கிற தாள். அதைக் கொண்டுபோய்ச் சூட்டு மெஷினில் விட்டிருக்கிறார். படம் தவிர மீதி எல்லாம் பத்திரமாக இருந்தது. ரிப்போர்ட்டில் "இரு சிறுநீரகங்களும் இயல்பு" என்று ஒரு வரி. எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சடித்த மாதிரி வரும் வரி அது, அதை நம்பி நான் எதுவும் செய்ய முடியாது. அந்த ஸ்கேன் சென்டருக்கு போன் செய்தோம். மெஷினில் பழைய படங்கள் அழிந்துவிட்டன என்றார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். படித்தவர்தானே, புத்தி வேண்டாமா, குழந்தையின் உயிர் விஷயம் இது, இப்படி ஆதாரத்தை அழித்ததற்கு உங்கள் மேல் கேஸ்தான் போட வேண்டும் என்றெல்லாம் கத்தினேன். கேஸ் என்று நான் சொன்னது எனக்கே பிறகு நினைவில்லை. கோபத்தில் வருகிற வார்த்தைதானே, காற்றோடு போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். கேட்டவருக்கு அப்படிப் போவதில்லை. பாஸ்கர் ஃபைலை மூடிக்கொண்டு நின்றார்.

"காலையிலேர்ந்து அந்த ஆளு ஒரு டீ கூட குடிக்கல டாக்டர்" என்றார் வார்டுத் தலைமை நர்ஸ்.

"நானும்தான் குடிக்கல சிஸ்டர்" என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பல வருடம் முன்பு திமிரிப் பக்கத்திலிருந்து இதே மாதிரி ஒரு குழந்தை வந்தது. நான் பார்த்தவுடனே "ரத்தக்கசிவுதான், ஒண்ணும் இல்ல, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் ஐந்தாம் மாதம் வந்தார்கள். கல்லீரல் வரை பரவியிருந்தது. முடிந்ததையெல்லாம் செய்தோம், போதவில்லை. ஏன் முன்னாடியே வரவில்லை என்று நான் கேட்டதற்கு அந்த அப்பா, "ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் குரல் அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை. குடியாத்தத்துக் குழந்தையின் ஸ்கேனைப் பார்த்தபோது நான் பார்த்தது திமிரிக் குழந்தையைத்தான். இனி ஒரு முறை ஏமாற மாட்டேன் என்று எனக்குள் ஒரு வீம்பு.

வியாழக்கிழமை காலை. குழந்தைக்கு நான்கு மணி நேரமாகப் பால் கொடுக்கவில்லை, பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் உள்ளே எல்லாம் தயார் செய்துவிட்டு ஆள் அனுப்பிவிட்டார். நான் சம்மதப் படிவத்தோடு வராந்தாவுக்கு வந்தேன். பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகாத ரேவதி, காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்கர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் நான் பொரிந்து தள்ளுவேன். இது ஆபத்து, அது ஆபத்து, கடவுள் மேல் பாரத்தைப் போடுங்கள், இங்கே கையெழுத்துப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பாஸ்கர் கேட்டார்: "எடுத்துட்டா சரியாய்டுமா டாக்டர்?"

"ஆய்டும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழந்தையின் அழுகை கேட்டதாலா, முந்தின இரவு சரியாகத் தூங்காததாலா, எதனால் என்று தெரியாது. வேறு ஒன்று வந்துவிட்டது.

"தெரியலப்பா. அது இன்னான்னே எனக்கு இன்னும் புரியல. புத்துன்னா எடுக்கறது நல்லது. வெறும் ரத்தக்கட்டுன்னா குழந்தையச் சும்மா கீறினதா ஆய்டும். பக்கத்துல இருக்கற கிட்னி போனாலும் போய்டும். எனக்கே ரொம்பக் குழப்பமா இருக்குது."

தலைமை நர்ஸ் என்னை ஏதோ பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். முப்பது வருடத்தில் என் வாயிலிருந்து வராத வார்த்தை. பாஸ்கர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

அப்போது பெஞ்சிலிருந்து ரேவதி, "டாக்டரம்மா, ஒண்ணு சொன்னா போலீசுக்குச் சொல்ல மாட்டீங்களே?" என்றாள்.

"ஏய், சும்மா இரு" என்றார் பாஸ்கர்.

"நீங்க சும்மா இருங்க. என் குழந்தைய உள்ள எடுத்துட்டுப் போகப் போறாங்க" என்று அவரை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "எட்டாம் மாசத்துப் படத்தை இவரு போன்ல போட்டோ எடுத்தாரு, லாமினேஷன் போடறதுக்கு முன்னாடி. ஆலங்காயத்துல இருக்கற அவங்க அக்காவுக்கு அனுப்பினாரு. அவங்க பாத்துட்டு, பொண்ணுதான் பொறக்கும்னு விளையாட்டுக்குச் சொன்னாங்க. பொண்ணே பொறந்துடுச்சு. அந்த ஸ்கேன் சென்டர்ல போர்டு மாட்டியிருக்குது, செல்போன் எடுக்கக் கூடாது, ஆணா பொண்ணான்னு கேட்டா ஜெயிலுன்னு. நீங்க வேற கேஸ் போடுவேன்னீங்க. இவரு பயந்துபோய் அன்னைக்கே போன்லேர்ந்து அழிச்சிட்டாரு."

இரண்டு நாளாக நான் தேடி அலைந்த படம், நான் கத்தியபோது அந்த மனிதரின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. நான் கத்தியதால் அது அழிந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஐயோ, ஸ்கேன் படத்தைப் போட்டோ எடுத்ததுக்கெல்லாம் யாரும் ஜெயில்ல போட மாட்டாங்கப்பா. உங்க அக்காவுக்கு போன் போடு, சீக்கிரம்!"

பாஸ்கர் போன் போட்டார். "அக்கா, அந்த ஸ்கேன் போட்டோ இருக்குதா?"

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "நீதானேடா அழிச்சிடச் சொன்னே?"

பாஸ்கர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அழிச்சிட்டியா?"

"இல்லடா. கொழந்தையோட மொத போட்டோவாச்சே, மனசு வரல. திட்டாதே. இன்னா இப்போ?"

"அக்கா, அந்தப் போட்டோவ உடனே அனுப்பு!"

அவர்கள் வீடு மலையடிவாரம். டவர் சரியாகக் கிடைக்காது, பேச மட்டும்தான் முடியும். ரோட்டுக்கு ஏறி வந்தால்தான் அனுப்ப முடியும் என்று அந்த அம்மா ஓடத் தொடங்கினார், மூச்சிரைப்பது போனில் கேட்டது, பிறகு லைன் போய்விட்டது. உள்ளேயிருந்து மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "வர்றீங்களா, இல்ல நான் வேற கேஸ் எடுத்துக்கட்டுமா?" என்றார். அஞ்சு நிமிஷம் என்றேன். பாஸ்கரின் போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாகப் படம் திறந்தது.

படமா அது! சாய்வாக எடுத்திருக்கிறார், டியூப்லைட் வெளிச்சம் நடுவில் பளிச்சென்று அடிக்கிறது, ஒரு மூலையில் அவர் கட்டைவிரல், நகத்தில் பழுப்புச் சாயம். போனைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை அளக்க எடுத்த படம் அது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தெரிந்தது.

"இந்த மட்டத்துல ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்குது. பை கிடையாது" என்றார்.

"இதுக்குக் கீழ?"

"படத்துல இல்லாததுக்கு நான் எப்படிங்க சொல்றது?"

"சின்னதா இருந்து அப்புறம் வளந்திருந்தா?"

"அதுவும் இருக்கலாம். ஆனா, நேத்து இருந்ததைவிட இன்னிக்கு ரத்தம்ங்கற பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா சாயறேன்."

கொஞ்சம் ஜாஸ்தி. அவ்வளவுதான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நான் திரும்பி நடந்தேன். அந்த வராந்தா என்றைக்கும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. இந்தப் பக்கம் திமிரிக் குழந்தையின் அப்பா, அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கும் இந்தக் குழந்தை. காத்திருந்து அது புற்றாக இருந்துவிட்டால் இரண்டாவது முறையும் நானே காரணம். கீறி அது ரத்தமாக இருந்துவிட்டால்? எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொல்வதற்கு என்ன.

ரேவதியின் முன்னால் போய் நின்று, "குழந்தைக்குப் பால் குடும்மா" என்றேன்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. சிஸ்டர் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார். மயக்க மருந்து டாக்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தடவை நான் ஒரு மாதம் கழித்து வா என்று சொல்லவில்லை. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வர வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் வீட்டுக்கே ஆம்புலன்ஸ் வரும், இது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரியாததால்தான் வரச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வந்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் அந்தப் பை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. உள்ளே இருந்த கலங்கல் தெளிந்திருக்கிறது, அது ரத்தம் கரைகிற அடையாளம் என்றார் ஸ்கேன் டாக்டர். ஆனால் அளவு கூடியிருக்கிறதே என்றேன் நான். ஆமாம், கூடித்தான் இருக்கிறது என்றார் அவர். பாஸ்கருக்குப் பொறுமை போய்விட்டது.

"எடுத்துடுங்க டாக்டர். தினமும் பேஜாரா இருக்குது. இவ சாப்பிடறதே இல்ல. எதை வச்சு நீங்க இன்னும் காத்திருக்கலாம்னு சொல்றீங்க?"

"உங்க கட்டைவிரல் போட்டோவை வச்சுத்தான். வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல. இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க."

பழைய சரவெடியாக இருந்தால் அவர் கேட்ட கேள்விக்கு வெடித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வெடிக்கத் தெம்பு இல்லை. அந்த ஏழு நாளும் நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படி வேலை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பை சுருங்கியிருந்தது. ஸ்கேன் டாக்டர் இரண்டு முறை அளந்தார். நான் மூன்றாவது முறையும் அளக்கச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் இன்னும் சுருங்கியது. மூன்றாம் மாதம் ஒரு கொட்டைப்பாக்கு அளவு. ஆறாம் மாதம், சிறுநீரகத்தின் தலைக்கு மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தது. ரத்தம்தான். பிரசவத்தில் பட்ட அடி. அதைத்தான் நான் கீறி எடுக்கக் கிளம்பியிருந்தேன். சுருங்கிய பைகளிலும் சில நம்மை ஏமாற்றும் என்பதால் இரண்டு வயது வரை விடாமல் பார்த்தோம். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள், சிறுநீரகம் இரண்டும் அவளிடமே இருக்கின்றன.

அந்த ஆறாம் மாதப் படத்தைப் பாஸ்கரிடம் கொடுத்து, "இதையும் மெஷின்ல விட்டுடாதீங்க" என்றேன். முதல் தடவையாக அந்த மனிதர் என் எதிரில் சிரித்தார். கறுத்துப்போன பழைய படம் ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதோ, இதுதான். சுற்றி அனுப்புகிறேன், எல்லாரும் பாருங்கள்.

அன்றைக்கு அவர்கள் புறப்படும்போது ரேவதியிடம் எனக்கு மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ரெண்டு நாளா வாயைத் திறக்காம இருந்தியேம்மா, அன்னைக்கு மட்டும் எப்படிச் சொன்னே? கத்தி வைக்கப் போறாங்கன்னு பயத்துலயா?"

அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பயம் மொத நாளே இருந்துச்சு டாக்டரம்மா. ஆனா அதுவரைக்கும் நீங்க எல்லாம் தெரிஞ்சவங்க மாதிரியே பேசினீங்க. எல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட நாங்க போய் இன்னா சொல்றது? அன்னைக்குத்தான் தெரியலன்னீங்க. சரி, அப்போ எங்ககிட்ட இருக்கறதைக் குடுக்கலாம்னு தோணுச்சு."